கரியைத் தின்ற செவ்ரோலெட்

சாயல்குடியிலிருந்து மாரியூர் கடற்கரைக்கு வருகிறவர் கண்ணில் இரண்டு தொழில்கள் படும். கடலை ஒட்டி உப்பளம். உள்ளே தள்ளிக் கரிமூட்டம். சீமைக் கருவேலத்தின் தூரையும் கிளையையும் வெட்டி நெருக்கமாக அடுக்குகிறார்கள். மேலே தழையையோ வைக்கோலையோ பரப்பி, ஈரமண் பூசி, ஒரு துளை வழியே தீ வைத்துவிட்டுப் பல நாள் காவல் இருக்கிறார்கள். காற்று கூடுதலாகப் போனால் விறகு சாம்பலாகிவிடும். போகவே போகாவிட்டால் தீ அணைந்துவிடும். மண்பூச்சில் விரிசல் விட்டால் உடனே அடைப்பதும், வெளியே வரும் புகையின் நிறத்தைப் பார்த்து உள்ளே நடப்பதைக் கணிப்பதும்தான் மூட்டம் போடுகிறவரின் திறமை. விறகிலிருந்த நீரும் தாரும் புகையாகப் போன பிறகு மிஞ்சுகிற கறுப்புக் கட்டி பெரும்பகுதி கார்பன்.

இந்தக் கரி இன்று இஸ்திரிப் பெட்டிக்கும் ஹோட்டல் அடுப்புக்கும் ஆலைகளுக்கும் போகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கரிக்கு வேறொரு வேலை இருந்தது. தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடிய பேருந்துகளை அது இழுத்தது. அந்தப் பேருந்துகளுக்குள் இருந்தவையோ டெட்ராய்ட் நகரத்து வரைபலகையில் பிறந்த, பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்ட அமெரிக்க எஞ்சின்கள். பெட்ரோல் எஞ்சின் கரியில் ஓடியது எப்படி, அதற்கு அது கொடுத்த விலை என்ன என்பதுதான் இந்த அத்தியாயம்.

டெட்ராய்ட்டிலிருந்து மதுரைக்கு

1930-களில் இந்தியச் சாலையில் ஓடிய லாரியும் பேருந்தும் பெரும்பாலும் அமெரிக்க வண்டிகள். ஃபோர்டு நிறுவனம் 1926-ல், தன் கனடாக் கிளையின் வழியாக, இந்தியாவில் கம்பெனி தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் செவ்ரோலெட் வண்டிகளைப் பூட்டும் ஆலையைத் திறந்தது. அடிச்சட்டமும் எஞ்சினும் கியர்பெட்டியும் கப்பலில் வரும். மரத்தாலும் தகரத்தாலும் உடலைக் கட்டி, பலகை இருக்கைகளைப் பொருத்துவது உள்ளூர்ப் பட்டறைகளின் வேலை.

தென் மாவட்டங்களில் இந்தத் தொழிலின் மையம் மதுரை. 1910-களின் தொடக்கத்தில் பேருந்து ஓட்டத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார், அடுத்த முப்பது ஆண்டுகளில் டி.வி.எஸ். என்ற பெயரைச் சாலைப் போக்குவரத்தின் மறுபெயராக ஆக்கியிருந்தார். பேருந்து ஓட்டுவது மட்டுமல்லாமல் வண்டி விற்பது, பழுது பார்ப்பது, உதிரிப் பாகம் செய்வது எல்லாம் அங்கே நடந்தன. பின்னால் வந்த நெருக்கடியைச் சமாளிக்க இந்தப் பட்டறை அறிவுதான் கைகொடுத்தது.

அப்போதைய ராமநாதபுரம் ஜில்லா இன்றைய சிவகங்கை, விருதுநகர்ப் பகுதிகளையும் சேர்த்த பெரிய நிலம். ரயில் பாதை 1914-லேயே பாம்பன் பாலத்தைக் கடந்து ராமேஸ்வரம் போய்விட்டது. ஆனால் சாலைப் பாலம் 1988-ல்தான் வந்தது. அதுவரை பேருந்தின் எல்லை மண்டபம். ரயில் தொடாத ஊர்களுக்கு, முதுகுளத்தூருக்கும் கமுதிக்கும் சாயல்குடிக்கும், மாட்டு வண்டியை விட்டால் மோட்டார் வண்டிதான் வழி.

அந்த வழியைப் போர் அடைக்கப் பார்த்தது. இந்தியாவுக்கு வேண்டிய எண்ணெயில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1941-லேயே பெட்ரோலுக்குப் பங்கீடு வந்திருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. எதிரி கையில் சிக்கக்கூடாது என்று சிரியம் சுத்திகரிப்பு ஆலையைத் தாமே தகர்த்துவிட்டு பிரிட்டிஷார் பின்வாங்கினார்கள். அடுத்த மாதம் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா என்று குண்டுகள் விழுந்தன. இருந்த பெட்ரோல் ராணுவத்துக்குப் போனது. மலேயாவும் வீழ்ந்ததால் ரப்பருக்கும் தட்டுப்பாடு.

பேருந்துகளை நிறுத்தாமலிருக்க இரண்டு காரியங்கள் நடந்தன. தேய்ந்த டயர்களின் மேல் புதிய ரப்பர் ஒட்டிப் புதுப்பிக்கும் ஆலை ஒன்று. கரியை எரிவாயுவாக்கும் கருவி மற்றொன்று. சுந்தரம் ஐயங்கார் வடிவமைத்துத் தயாரித்த அந்தக் கருவிக்கு 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்று பெயர். பேருந்தின் பின்புறத்தில் ஆளுயர உருளையாக நின்ற அதைப் பார்த்து மக்கள் வண்டிக்கு வைத்த பெயர் 'கரி பஸ்'.

எஞ்சின் பிறந்ததே வாயுவில்

பெட்ரோல் எஞ்சினுக்கு வாயு புதிதல்ல. பிரான்சில் லெனுவார் 1860-ல் ஓட்டிய எஞ்சினும், ஜெர்மனியில் நிக்கோலாஸ் ஓட்டோ 1876-ல் ஓட்டிய நான்கு வீச்சு எஞ்சினும் நிலக்கரி வாயுவில் ஓடியவை. தெருவிளக்குக்குக் குழாய் வழியே வந்த அதே வாயு. எஞ்சினை வண்டியில் ஏற்ற வேண்டும் என்றபோதுதான் பெட்ரோல் தேவைப்பட்டது. குழாயைக் கூடவே இழுத்துப் போக முடியாது. ஒரு டப்பாவில் அடங்கும் திரவமோ வசதி. அந்தத் திரவத்தை மறுபடி ஆவியாக்கிக் காற்றோடு கலக்கும் கருவிதான் கார்ப்பரேட்டர். உள்ளே போகும்போது எரிபொருள் எப்படியும் வாயுதான். காற்றோடு சரியான அளவில் கலந்து, பிளக்கின் பொறியில் பற்றிக்கொள்கிற எந்த வாயுவையும் அந்த எஞ்சின் ஏற்றுக்கொள்ளும்.

ஆகவே கேள்வி எஞ்சினுக்கு வெளியே இருந்தது: ஓடுகிற வண்டியிலேயே கரியை எப்படி வாயுவாக்குவது?

தணலுக்குள் நடக்கும் வேதியியல்

மூட்டம் போடுகிறவர் காற்றைக் குறைத்து விறகைக் கரியாக்குகிறார். கேஸ் பிளான்ட் மறுபடியும் காற்றைக் குறைத்துக் கரியை வாயுவாக்குகிறது.

கரி தாராளமான காற்றில் எரிந்தால் கார்பன் டைஆக்சைடு கிடைக்கும். அதில் எரிய மிச்சம் எதுவும் இல்லை. கேஸ் பிளான்ட்டின் உருளைக்குள் இருப்பதோ ஆழமான தணல் படுகை. ஒரு குழாய் வழியே நுழையும் காற்று, வாயிலருகே இருக்கும் கரியை முழுதாக எரித்து, வெப்பத்தை 1000 டிகிரிக்கு மேல் கொண்டுபோய், கார்பன் டைஆக்சைடாக மாறுகிறது. ஆக்சிஜன் அங்கேயே தீர்ந்துவிடும். தகதகக்கும் கரி மட்டும் வழி நெடுக இருக்கிறது. அதன் ஊடே போகும் கார்பன் டைஆக்சைடு ஒவ்வொரு மூலக்கூறும் கரியிலிருந்து ஒரு கார்பன் அணுவைப் பறித்து, இரண்டு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளாகிறது. இது எரியும் வாயு. எஞ்சினுக்குப் போவது இதுதான்.

இதில் ஒரு சக்திக் கணக்கு இருக்கிறது. 12 கிராம் கார்பன் முழுதாக எரிந்தால் சுமார் 394 கிலோஜூல் வெப்பம் தரும். பாதி எரிந்து கார்பன் மோனாக்சைடாக நின்றுவிட்டால் 111 கிலோஜூல்தான் வெளிப்படும். மீதி 283 கிலோஜூல் வாயுவுக்குள் பத்திரமாக இருக்கும். நூற்றுக்கு 72 பங்கு எஞ்சினுக்கு, 28 பங்கு உருளையைச் சூடாக்குவதற்கு.

அந்த 28 பங்கையும் முழுதாக விட்டுவிட வேண்டியதில்லை. தணலில் கொஞ்சம் நீராவியைக் கலந்தால், நீர் மூலக்கூறு உடைந்து அதன் ஆக்சிஜன் கரியோடு சேர்கிறது, ஹைட்ரஜன் விடுபடுகிறது. இந்த வினை வெப்பத்தை உறிஞ்சும். வீணாகப் போக இருந்த வெப்பத்தில் ஒரு பகுதி இப்படி ஹைட்ரஜனாக மாறி எஞ்சினுக்குப் போய்ச் சேரும்; உருளையும் உருகாமல் தப்பிக்கும். அளவு மீறினால் தணல் குளிர்ந்து வாயுவே நின்றுவிடும். எனவே சொட்டுச் சொட்டாகத்தான் தண்ணீர்.

இங்கே விறகைவிடக் கரிக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. விறகில் தார் இருக்கிறது. அது வாயுவோடு போய் எஞ்சினின் வால்வுத் தண்டில் படிந்தால் வால்வு ஒட்டிக்கொள்ளும். 1920-களில் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் இம்பர்ட் இதற்கு ஒரு வழி கண்டார். வாயுவை மேலே விடாமல் கீழ்நோக்கி இழுத்து, ஒடுங்கிய ஒரு கழுத்தில் எரியும் தணல் வழியாகக் கடத்தினார். தார் அங்கேயே சிதைந்து வாயுவானது. ஐரோப்பாவில் போர்க் காலத்தில் பல லட்சம் வண்டிகள் வாயுக் கருவியோடு ஓடின. ஸ்வீடனில் மட்டும் 70 ஆயிரத்துக்கும் மேல். கரியிலோ தார் மூட்டத்திலேயே போய்விட்டது. அதனால் கரிக்கான கருவியை எளிதாகச் செய்யலாம். தகரம் வளைக்கவும் ஒட்டவும் தெரிந்த பட்டறை போதும்.

தார் இல்லை என்றாலும் தூசி உண்டு. சாம்பல் துகள் சிலிண்டருக்குள் போனால் உப்புத்தாள் தேய்த்ததுபோல் சுவரை அரித்துவிடும். அதனால் உருளைக்கும் எஞ்சினுக்கும் நடுவே, தூசி படியும் பெட்டி, வாயுவைக் குளிரவைக்கும் நீண்ட குழாய், துணி வடிகட்டி என்று ஒரு வரிசை. வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்யத் தவறிய வண்டியின் பிஸ்டன் வளையங்கள் சீக்கிரமே தேய்ந்தன.

சிலிண்டருக்குள் ஒரு கணக்கு

கரி பஸ் மெதுவாகப் போனது ஏன் என்பதற்கு எளிய கூட்டல் கழித்தல் போதும். 100 லிட்டர் காற்றில் ஏறத்தாழ 21 லிட்டர் ஆக்சிஜன், 79 லிட்டர் நைட்ரஜன். 21 லிட்டர் ஆக்சிஜன் கரியோடு சேர்ந்து 42 லிட்டர் கார்பன் மோனாக்சைடு ஆகிறது. நைட்ரஜன் எந்த வினையிலும் சேராமல் அப்படியே கூட வருகிறது. ஆக 121 லிட்டர் வாயுவில் எரியக்கூடியது 35 விழுக்காடுதான்.

இந்த வாயுவின் பத்துப் பங்கை எரிக்க எட்டுப் பங்குக் காற்று வேண்டும். அதாவது சிலிண்டருக்குள் போகும் கலவையில் பாதிக்கு மேல் வாயு, மீதி காற்று. பெட்ரோல் ஆவியோ கலவையில் நூற்றுக்கு இரண்டு பங்கு இடம்தான் பிடிக்கும், மற்றதெல்லாம் காற்று. எஞ்சின் ஒரு முறை மூச்சிழுக்கும்போது உள்ளே போகும் ஆக்சிஜன்தான் அது தரும் வேலையின் வரம்பு. கரி வாயு அந்த இடத்தைத் தன் நைட்ரஜனால் நிரப்பிக்கொள்கிறது. ஒரு கனமீட்டர் பெட்ரோல் கலவையில் சுமார் 3.7 மெகாஜூல் சக்தி. கரி வாயுக் கலவையில் சுமார் 2.4. மூன்றில் ஒரு பங்கு இப்படியே போயிற்று. வாயு சூடாக வந்தால் அதன் அடர்த்தி குறையும்; தணல், குழாய், வடிகட்டி எல்லாவற்றையும் தாண்டி இழுக்க எஞ்சினே உழைக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து நாற்பது முதல் ஐம்பது விழுக்காடு வரை இழப்பு.

1937-ல் வந்த செவ்ரோலெட்டின் ஆறு சிலிண்டர் எஞ்சின் 216 கன அங்குலம், அதாவது மூன்றரை லிட்டர் கொள்ளளவு, 85 குதிரைத்திறன். அதே காலத்து ஃபோர்டு வி-8, 221 கன அங்குலம். அதற்கும் 85 குதிரைத்திறன். கரியில் ஓடும்போது இவற்றிடம் மிஞ்சுவது நாற்பத்தைந்து, ஐம்பது.

ஐரோப்பாவின் சிறிய எஞ்சின்களோடு பார்த்தால் இதுவே பெரிய பாக்கியம். பெட்ரோல் மலிவாகக் கிடைத்த நாட்டில், கொள்ளளவைத் தாராளமாக வைத்து, குறைந்த வேகத்தில் நிதானமாகச் சுற்றும்படி அமெரிக்கர்கள் எஞ்சின் செய்தார்கள். பாதித் திறனை இழந்த பிறகும் ஒரு பேருந்தை இழுக்க அதில் மிச்சம் இருந்தது.

இரண்டு எஞ்சின்களும் ஒரே திறனைக் காட்டினாலும் குணம் வேறு. செவ்ரோலெட்டில் வால்வுகள் சிலிண்டர்களுக்கு மேலே, தலைப்பகுதியில் இருந்தன. அதன் டிஸ்ட்ரிபியூட்டர் கைக்கு எட்டும் இடத்தில் பக்கவாட்டில் நிற்கும். பெட்ரோலின் தரத்துக்கு ஏற்பப் பொறி விழும் நேரத்தை முன்பின் தள்ள அதில் ஓர் அளவுகோலும் வைத்திருந்தார்கள். ஃபோர்டின் வி-8 வேறு வகை விந்தை. எட்டு சிலிண்டர்களையும் ஒரே இரும்பு வார்ப்பில் ஊற்றி, 1932-ல் சாமானியர் வாங்கும் விலையில் விற்றது வார்ப்புத் தொழிலின் சாதனை. ஆனால் வால்வுகள் சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் கீழே இருந்தன. எரிந்து முடிந்த சூடான புகை, வார்ப்பின் உள்ளே தண்ணீர் ஓடும் பகுதியைக் கடந்துதான் வெளியேற வேண்டும். எஞ்சின் எளிதில் சூடேறும். அதன் டிஸ்ட்ரிபியூட்டரும் முன்னால், தாழ்வாக, விசிறிக்குப் பின்னே ஒளிந்திருந்தது.

பொறி நேரம் ஏன் முக்கியம்? நைட்ரஜன் நிறைந்த கரி வாயுவில் சுடர் மெதுவாகப் பரவும். பெட்ரோலுக்கு வைத்த நேரத்திலேயே பொறி விழுந்தால், பிஸ்டன் கீழே இறங்கி, புகை வால்வு திறக்கும் வரை வாயு எரிந்துகொண்டிருக்கும். வெப்பம் வேலையாகாமல் சைலன்சர் வழியே போய்விடும். எனவே பொறியை நன்றாக முன்கூட்டியே விழவைக்க வேண்டும். இன்னொன்று, கரி வாயு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். அன்றைய பெட்ரோலை ஆறு மடங்குக்கு மேல் அழுத்தினால் எஞ்சின் 'டக் டக்' என்று தட்டும். கரி வாயு அதற்கு மேலும் தாங்கும். சிலிண்டர் தலையைக் கொஞ்சம் சீவி அழுத்தத்தைக் கூட்டினால் இழந்த திறனில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் அப்படிச் சீவிய எஞ்சின் பிறகு அன்றைய பெட்ரோலுக்கு உதவாது.

ஓட்டுநரின் காதும் எண்ணெயின் அழுத்தமும்

கரி பஸ்ஸின் நாள் விடியலுக்கு முன்பே தொடங்கும். கிளீனர் உருளைக்குள் கரி கொட்டி, தீ மூட்டி, கைப்பிடி விசிறியைச் சுற்றித் தணலை எழுப்புவார். வெளிவரும் வாயு பற்றிக்கொள்கிறதா என்று கொளுத்திப் பார்த்த பிறகுதான் எஞ்சினோடு இணைப்பார்கள். எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் விசிறி வேண்டாம். பிஸ்டனே வாயுவை இழுத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்கு ஒன்றரைக் கிலோ கரி என்பது கணக்கு. வழியில் நிறுத்தும் இடங்களில் மூட்டை பிரித்துக் கொட்டுவதும் கிளறுவதும் கிளீனரின் பொறுப்பு.

ஓட்டுநருக்கு வேலை இரட்டிப்பு. வாயுவோடு சேரும் காற்றின் அளவைத் தனியாக ஒரு கைநெம்பு கட்டுப்படுத்தும். தணல் வெதுவெதுத்தால் காற்றைக் குறைக்க வேண்டும். நன்றாகக் கனன்றால் கூட்ட வேண்டும். இதைச் சொல்ல வண்டியில் மீட்டர் எதுவும் இல்லை. எஞ்சினின் சத்தம்தான் மீட்டர். திறன் குறைந்த வண்டி சிறு ஏற்றத்துக்கும் கியர் இறக்கச் சொல்லும். அந்தக் காலத்து லாரிக் கியர்பெட்டியில் பற்களின் வேகத்தைச் சமன் செய்யும் வளையங்கள் கிடையாது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, விட்டு, ஆக்சிலரேட்டரை அளவாக அழுத்தி, மறுபடி கிளட்சை மிதித்துக் கியரைப் போட வேண்டும். டபுள் கிளட்ச் தெரியாத கைக்கு அந்தப் பெட்டி நறநறவென்றுதான் பதில் சொல்லும். ராமநாதபுரத்துத் தட்டை நிலம் இத்தகைய வண்டிக்கு ஏற்றது. கொடைக்கானல் போன்ற மலைப்பாதையில், மேலே போகப் போகக் காற்றும் லேசாகி, அதன் பாடு திண்டாட்டம்.

இதே ஆண்டுகளில், செவ்ரோலெட்டைச் செய்த அதே ஜெனரல் மோட்டார்ஸ், கியர் மாற்றும் வேலையை மனிதனிடமிருந்து எடுத்துவிட்டிருந்தது. 1940-ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் வந்த ஹைட்ரா-மேட்டிக், பெருமளவில் விற்பனையான முதல் முழுத் தானியங்கிக் கியர்பெட்டி. விலை 57 டாலர் கூடுதல். அதை உருவாக்கிய குழுவின் தலைவர் ஏர்ல் தாம்சன். பற்களின் வேகத்தைச் சமன் செய்யும் சின்க்ரோமெஷ்ஷை 1928-ல் காடிலாக் கார்களுக்குத் தந்தவரும் அவரே.

ஹைட்ரா-மேட்டிக்கில் கிளட்ச் மிதி கிடையாது. எண்ணெய் நிறைந்த கூட்டுக்குள் இறக்கைகள் கொண்ட இரண்டு சக்கரங்கள் முகத்துக்கு முகம் இருக்கும். எஞ்சின் ஒன்றைச் சுற்ற, அது வீசியடிக்கும் எண்ணெய் மற்றதைச் சுற்றவைக்கும். அதன் பின்னால் சூரியப் பல்சக்கரத்தைச் சுற்றிக் கோள் பல்சக்கரங்கள் ஓடும் அமைப்பு, நான்கு வேகங்களைத் தரும். எப்போது மாற்றுவது என்று தீர்மானிப்பது எண்ணெய் அழுத்தம். வண்டியின் வேகம் கூடக் கூட ஒரு பக்கத்தில் அழுத்தம் ஏறும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க எதிர்ப்பக்கத்தில் ஏறும். இரண்டும் ஒரு சிறு வால்வைத் தள்ளும். எது வெல்கிறதோ அதன்படி கியர். போர் வந்ததும் இந்தப் பெட்டி அமெரிக்க ராணுவத்தின் எம்-5 இலகு டாங்கிக்குப் போனது. ஒவ்வொரு டாங்கியிலும் இரண்டு காடிலாக் வி-8, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹைட்ரா-மேட்டிக். செவ்ரோலெட்டுக்கென்று தானியங்கிப் பெட்டி 1950-ல்தான், பவர்கிளைடு என்ற பெயரில், வந்தது.

இத்தகைய பெட்டி கரி பஸ்ஸில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பது பயனுள்ளது. ஆக்சிலரேட்டர் பாதி அழுந்தினால் எஞ்சின் இவ்வளவு திறன் தரும் என்ற உறுதியை நம்பித்தான் அந்த வால்வுகளும் வில்களும் அளவிடப்பட்டன. கரியில் ஓடும் எஞ்சினில் ஆக்சிலரேட்டர் பெரும்பாலும் முழுதாக அழுந்தியே இருக்கும்; கிடைக்கும் திறனோ தணலின் நிலையைப் பொறுத்து நிமிடத்துக்கு நிமிடம் மாறும். முழு மிதிப்பைப் பார்க்கும் பெட்டி, கியரை ஏற்றாமல் இழுத்தடிக்கும். தாம்சன் குழுவின் எண்ணெய் தீர்மானித்ததை, மதுரைச் சாலையில் ஓட்டுநரின் காது தீர்மானித்தது. கைக்கு எட்டிய டிஸ்ட்ரிபியூட்டர், தனியாக நின்ற கார்ப்பரேட்டர், கையால் போடும் கியர் என்று ஒவ்வொன்றும் மனிதத் தீர்ப்புக்கு இடம் விட்டிருந்ததால்தான் அந்த வண்டிகள் வேறொரு எரிபொருளுக்கு மாறின.

மணமற்ற ஆபத்து

கரி வாயுவின் மிகப் பெரிய குறை, அது கொல்லும் என்பது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு அதைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், பிறகு மரணம்.

வண்டி ஓடும்போது ஆபத்து குறைவு. எஞ்சின் உறிஞ்சுவதால் குழாய் முழுக்க வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைந்திருக்கும். எங்காவது ஓட்டை இருந்தால் காற்றுதான் உள்ளே போகும். நிறுத்திய பிறகே பிரச்சினை. உள்ளே தணல் கனன்றுகொண்டிருக்கும், வாயு பிறந்துகொண்டிருக்கும், இழுப்பார் இல்லாமல் வெளியே கசியும். மூடிய கொட்டகையில் வண்டியை விட்டு அங்கேயே படுத்துத் தூங்குவது உயிருக்கு உலை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் போர்க் காலத்தில் இந்த நச்சு ஒரு தொழில்நோயாகவே ஆயிற்று.

எதையும் குடித்த எஞ்சின்

போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் கேஸ் பிளான்ட்டுகள் கழற்றப்பட்டன. விடியலில் விசிறி சுற்ற யாருக்கும் விருப்பம் இல்லை. அடுத்து வந்த டீசல், கரிக்குக் கதவை முழுதாகவே சாத்தியது. டீசல் எஞ்சினில் பிளக் கிடையாது. காற்றை அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டில் எண்ணெயைத் தெளித்துப் பற்றவைக்கிறது. கார்பன் மோனாக்சைடு அந்தச் சூட்டில் எளிதில் பற்றாது. எண்ணூர் லாரி ஆலையிலிருந்து டீசல் வண்டிகள் சாலையை நிறைத்தபோது, கரியை ஏற்கும் எஞ்சினே சாலையில் குறைந்துவிட்டது.

எரிபொருளைத் தேர்ந்து கேட்காத எஞ்சின் என்ற ஆசை அமெரிக்காவிலும் இருந்தது. கிரைஸ்லர் நிறுவனம் 1963-64-ல் ஐம்பது டர்பைன் கார்களை உருவாக்கி, 1966 வரை 203 குடும்பங்களிடம் முறைவைத்து ஓட்டக் கொடுத்தது. பிஸ்டன் இல்லை, விமான எஞ்சின்போல் எரிந்த வாயு இறக்கைச் சக்கரத்தைச் சுழற்றும். உச்சத்தில் நிமிடத்துக்கு 44,500 சுற்று, 130 குதிரைத்திறன். டீசல், மண்ணெண்ணெய், மெக்சிகோவின் டெக்கீலா மதுகூட அதில் எரிந்தது. ஈயம் கலந்த அன்றைய பெட்ரோல்தான் அதற்கு ஆகாத தீனி. ஈயம் இறக்கைகளில் படிந்துவிடும்.

அதன் கியர்பெட்டியும் தனி ரகம். கிரைஸ்லரின் டார்க்ஃபிளைட் தானியங்கிப் பெட்டியில் எஞ்சினையும் கியரையும் எண்ணெயால் இணைக்கும் பகுதியைக் கழற்றிவிட்டார்கள். காற்றை அழுத்தும் சக்கரமும் வண்டியை இழுக்கும் சக்கரமும் டர்பைனுக்குள்ளேயே தனித்தனித் தண்டுகளில் இருந்தன. நடுவே வாயு மட்டும். எண்ணெய் செய்த வேலையை அந்த வாயுவே செய்தது. எரிபொருள் செலவு அதிகம் என்பதாலும், தயாரிப்பு விலை கட்டுப்படியாகாததாலும் திட்டம் நின்றது. பெரும்பாலான கார்களை நிறுவனமே உடைத்துப் போட்டது. திரவம் எதையும் குடித்த அந்த எஞ்சினால் கரியைச் செரித்திருக்க முடியாது. சாம்பல் துகள் அதன் இறக்கைகளை நாசமாக்கியிருக்கும்.

கருவேலம் நிறைந்த நிலத்தில்

1940-களில் சீமைக் கருவேலம் இன்றுபோல் ராமநாதபுரத்தை மூடியிருக்கவில்லை. பின்னர் பரவியது, கண்மாயிலும் தரிசிலும் புகுந்தது. 2017-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிடும் அளவுக்குப் பிரச்சினையானது. எரிபொருள் இவ்வளவு கிடக்கும் மாவட்டத்தில் பழைய கருவியை மறுபடி எடுக்கலாமா என்ற கேள்வி நியாயமானது.

வண்டிக்கு என்றால் விடை, வேண்டாம். மண் மூட்டத்தில் 100 கிலோ உலர் விறகு 20 முதல் 25 கிலோ கரிதான் தரும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடான ஒன்றரைக் கிலோ கரிக்கு ஆறேழு கிலோ விறகு போகிறது. இம்பர்ட் வகைக் கருவியில் விறகை நேராகப் போட்டால் மூன்று கிலோவுக்குள் அதே வேலை நடக்கும். மூட்டத்தின் புகையில் பாதிக்கு மேல் சக்தி வீணாகிறது என்று பொருள்.

நிலையாக நிற்கும் எஞ்சினுக்கு விடை வேறு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 1980-களில் விறகு வாயுக் கருவியை மறுபடி கையில் எடுத்தார்கள். 1988-ல் கர்நாடகத்தின் ஹோசஹள்ளி கிராமத்தில் அதைக்கொண்டு மின்சாரமும் குடிநீரும் கொடுத்தார்கள். டீசல் எஞ்சினில் வாயு பற்றாது என்ற சிக்கலுக்கு அவர்கள் பயன்படுத்திய வழி, பற்றவைப்பதற்கு மட்டும் கொஞ்சம் டீசல், மற்றதெல்லாம் வாயு. இந்த முறையில் டீசல் செலவை எண்பது விழுக்காடு வரை குறைக்க முடியும்.

மாரியூர்ப் பக்கத்துக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். உப்பளத்தில் உப்புநீர் இறைக்கும் ஐந்து குதிரைத்திறன் பம்பை எட்டு மணி நேரம் ஓட்ட, வாயுக் கருவிக்கு ஏறத்தாழ 40 கிலோ உலர்ந்த கருவேல விறகு வேண்டும். துண்டு துண்டாக வெட்ட, காயவைக்க, வடிகட்டியைச் சுத்தம் செய்ய, சாம்பல் அள்ள ஓர் ஆளுக்குச் சம்பளம். நான்கு பக்கமும் திறந்த கொட்டகை. கார்பன் மோனாக்சைடைக் கண்டு அலறும் கருவி. வெயில் கொளுத்தும் மாதங்களில்தான் உப்பு விளையும் என்பதால், அந்தப் பம்புக்குச் சூரியத் தகடு இதைவிட லாபம். இரவும் பகலும் நிற்காமல் ஓட வேண்டிய மீன்பிடித் துறையின் ஐஸ் ஆலைக்குக் கணக்கு மாறுகிறது. சூரியன் மறைந்த பிறகு, ஒரே சுமையில், ஒரே வேகத்தில், மணிக்கணக்காக ஓடும் எஞ்சின்தான் வாயுக் கருவிக்கு ஏற்ற வேலை. தணலும் அங்கே ஒரே சீராகக் கனலும்.